பொதி சுமக்கும் வானவூர்தி

பறவையைக் கண்ட மனிதன் தானும் பறக்க விரும்பினான். அவ்விருப்பம் கைகூடுதற்கு நெடுங்காலம் முன்னரே புலவர்கள் தம் பாட்டிலே பறந்துவிட்டனர். ஓட்டுவாரின்றிச் செல்லும் வானவூர்தி ஒன்று புறநானூற்றிலே பேசப்படுகின்றது. சீவக சிந்தாமணியிலோ, சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் ஏறிக் கருவுற்றிருந்த விசயை வான்வழியே தப்பிச் சென்று சுடுகாட்டில் இறங்குகின்றாள். இவ்விரண்டையும் வகுப்பிலே பாடங் கேட்டபோது எம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. விண்ணுலகம் புகுவார்க்கும் அரசிக்கும் ஊர்தி அமைத்த புலவர், அரிசி மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் ஓர் ஊர்தி அமைத்திலரே, அஃது ஏன் என்பதே அவ்வையம். பொதி என்பது கழுதைக்கும் எருதுக்கும் உரியதென விட்டுவிட்டனர் போலும். பெரும்பாணாற்றுப்படையிலே மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் பெருவழியிற் செல்கின்றன. அவை மண்ணில்தான் செல்கின்றன.

நம் காலத்திலோ பொதி சுமத்தற்கென்றே பிறந்த வானவூர்திகள் உள. அவற்றுள்ளும், ஜெட் பொறியின்றிப் பெரிய விசிறிகள் சுழலப் பறக்கும் டர்போபிராப் என்னும் இனத்தனவே எம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவை. விடுதியிலே எம்முடன் உறையும் நண்பர்கள் போர் விமானங்களின் படங்களைச் சுவரில் ஒட்டி மகிழ்வர். யாம் ஒட்டியுள்ள படத்தைக் கண்டு, "வயிறு பெருத்த இவ்வெருமையிடம் என்ன அழகைக் கண்டீர்?" என நகைப்பர். அந்நகைப்புக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். விடை சிறிது நீளும். ஏனெனின் அஃது எம் ஊரிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

எம் ஊர் தேவாரம். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்தது. காலையிற் கதவைத் திறந்தால் வெயில் முதலிற் படுவது எம் முற்றத்தில் அன்று, மேற்கே நிற்கும் மலையின் முகட்டில்தான். எம் ஊரார் பலரின் வாழ்வு பாதி சமவெளியிலும் பாதி மலைமேலும் கழிவது. ஏலத்தோட்டங்கள் மலைமேல் இடுக்கிப் பக்கத்தில் உள்ளன. அவற்றில் உழைப்போருள் பலர் அடிவாரத்து மக்கள். விளைந்த காய்க்கு ஏலத்தில் விலை கூறப்படும் இடங்களுள் ஒன்று போடிநாயக்கனூர். ஆதலின் அரிசியும் பருப்பும் மேலே ஏற வேண்டும். ஏலக்காய் கீழே இறங்க வேண்டும். இவ்வேற்றமும் இறக்கமுமே எம் பக்கத்தின் வரலாறு என்று கூறினும் மிகையாகாது.

எம் பாட்டனார் இளமையிற் பொதிக்கழுதைகளை ஓட்டிக்கொண்டு சாக்குலூத்து மெட்டு வழியாக மலையேறியவர். அவ்வழிக்கு ஒரு சாலை வேண்டுமென்று எம் ஊரார் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர். சாலையில் ஏறுவோர் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையேனும், கம்பம் மெட்டு வழியையேனும் நாடிச் சுற்றிச் செல்வர். பாட்டனார் அக்காலத்தைப் பற்றிப் பேசுங்கால் தம் கால் வலியைப் பற்றிப் பேசார். கழுதைகளைப் பற்றியே பேசுவார். "பேராண்டி, குதிரை வேகமாய்ப் போகும், பார்ப்பதற்கும் அழகுதான். ஆனால் அரிசி கொண்டுபோனது கழுதை" என்பது அவர் வாய்மொழி.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாது மேற்செல்லல் இயலாது. எம் பக்கத்திற் சரக்கு வானத்தின் வழியே செல்வது புதுமை அன்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902 முதல் ஒரு சிறு இரயில் ஓடிற்று. அதிற் கொணர்ந்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்திலே தொங்கிக்கொண்டு பள்ளத்தின் மேலாகக் கொட்டகுடிக்கு இறங்கும். ஆண்டிருந்து வண்டியிற் போடிநாயக்கனூர் சேரும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விரயிற் பாதையை அழித்துவிட்டது. ஆயினும் அடிவாரத்துக் கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயரும், இடைவழியிலுள்ள சிற்றூருக்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரும் இன்றும் வழங்குகின்றன. சாலை இல்லாத இடத்திற்குச் சரக்கு எவ்வாறு செல்லும் என்ற வினாவுக்கு எம் முன்னோர் கண்ட இரு விடைகள் கழுதையும் கம்பிவடமும் ஆம். மூன்றாம் விடையை யாம் கண்டது சூலூரில்.

எம் தமையனார் இந்திய விமானப் படையிற் பொறி பேணும் பணியில் உள்ளார். எம்மினும் பத்தாண்டு மூத்தவர். அவரைக் காணச் சூலூர் சென்றிருந்த ஒரு நாள், தளத்தின் மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் நின்றிருந்தோம். திடீரெனச் செவியிலன்றி மார்பிலே உணரத்தக்க ஓர் அதிர்வு எழுந்தது. மரங்களின் தலைக்கு மேலே சாம்பல் நிறமுள்ள ஒரு விமானம் மெல்ல எழுந்தது. அதன் பொறிகள் இரண்டும் சிறகின்கீழ்த் தொங்காமற் சிறகின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. இரு தோளிலும் இரு பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் ஒரு பாரந்தூக்கியின் தோற்றமே எம் கண்முன் நின்றது. "இதுதான் அன்டோனோவ் 32" என்றார் தமையனார். அன்று தொட்டு அவ்வினத்தின்பால் எமக்குண்டான ஈடுபாடு இன்றும் குறைந்ததில்லை.

விடுமுறைக்கு அவர் ஊர் வந்தபோது, பொறிகள் ஏன் சிறகின் மேல் ஏறின என்று கேட்டோம். அவர் உடனே விடை கூறாது, கொல்லைப்புறத்தில் வெந்நீர் காயும் விறகடுப்பண்டை எம்மை அழைத்துச் சென்றார். முதலில் ஊதாங்குழலைக் கொடுத்து ஊதச் செய்தார். பின்னர் முறத்தைக் கொடுத்து வீசச் செய்தார். "தம்பி, எதனால் உனக்கு இளைப்புக் குறைவு?" என்றார். முறத்தால் என்றோம். "குழல் சிறிதளவு காற்றை மிக விரைவாகத் தள்ளுகிறது, முறம் பேரளவு காற்றை மெல்லத் தள்ளுகிறது. ஒரே அளவு உந்துதலைப் பெறுவதற்குப் பின்னதில் ஆற்றல் குறைவாகச் செலவாகும். ஜெட் விமானம் குழல், எங்கள் விமானம் முறம்" என்றார். பௌதிக நூலில் யாம் கற்றதனைத்தும் அவ்வொரு முறத்தில் அடங்கியது.

இனி அப்பொறியின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். பொறியின் முகப்பிற் புகும் காற்றை அடுக்கடுக்கான சிறு தகடுகள் நெருக்கி அமுக்கும். அமுங்கிய காற்றில் மண்ணெண்ணெய் இனத்ததாகிய எரிபொருள் தெளிக்கப்பட்டு இடையறாது எரியும். எரிந்து விரிந்த வளி பின்னோக்கிப் பாயுங்கால் எதிரேயுள்ள சக்கரங்களைச் சுழற்றும். பழைய ஜெட் பொறியில் அப்பாய்ச்சலே விமானத்தை உந்துவது. டர்போபிராப்பிலோ பாய்ச்சலின் வலிமையிற் பெரும்பகுதியைச் சக்கரங்கள் கவர்ந்து ஓர் அச்சினுக்கு அளித்துவிடும். அவ்வச்சு நிமிடத்திற்கு 12,000 சுற்றுக்கு மேற் சுழல்வது. அவ்வேகத்தில் விசிறியைச் சுழற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தையும் கடந்துவிடும். அப்போது விசிறி காற்றைத் தள்ளும் திறன் குன்றி வீணே அலறும். ஆதலிற் பற்சக்கரத் தொகுதியொன்று இடைநின்று, 12,000-ஐ ஏறத்தாழ 1,000 சுற்றாகக் குறைத்து விசிறிக்கு வழங்கும். வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையை வாங்குதலே இப்பற்சக்கரங்களின் தொழில். போடிமெட்டின் வளைவுகளில் முதற் கியரிலே உறுமிக்கொண்டு ஏறும் ஜீப்பும் இதனையே செய்கின்றது.

விசிறியின் இதழ்களும் அசையா இதழ்கள் அல்ல. தரையில் ஓடும்போது ஒரு சாய்வு, மேலேறும்போது ஒரு சாய்வு, நெடுவழியில் ஒரு சாய்வு என அவை தம் கோணத்தை மாற்றிக்கொள்ளும். தரையைத் தொட்டவுடன் எதிர்ச்சாய்வு பெற்றுக் காற்றை முன்னோக்கித் தள்ளி விமானத்தைப் பிடித்து நிறுத்தவும் வல்லன. குறுகிய ஓடுபாதையில் இறங்குதற்கு இஃது உற்ற துணை. மேலும் விசிறி தள்ளும் காற்று நேரே சிறகின்மீது பாய்வதால், மெல்லச் செல்லும்போதும் சிறகு விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழப்பதில்லை.

எமது முதல் வினாவுக்கு விடையும் இங்கே கிடைக்கின்றது. வெப்பம் மிக்க பாலையிலும், உயரத்தால் மெலிந்த இமயக் காற்றிலும் பாரம் தூக்க வல்ல ஒரு விமானம் நம் நாட்டுக்குத் தேவையாயிற்று. அத்தேவையைக் கருதியே உக்ரைன் நாட்டுக் கீவ் நகரத்து அன்டோனோவ் நிலையத்தார் இவ்விமானத்தை வகுத்தனர். அது முதன்முதற் பறந்தது 1976-இல். நம் படையிற் சேர்ந்தது 1984-இல். மெலிந்த காற்றைத் தள்ளுதற்கு வலிய பொறியும் பெரிய விசிறியும் வேண்டும். ஆதலின் ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இரு பொறிகளை அமைத்து, 4.7 மீட்டர் குறுக்களவுள்ள விசிறிகளைப் பொருத்தினர். அத்துணைப் பெரிய விசிறி தரையையும் பரற்கற்களையும் தொடாதிருத்தற்கே பொறிகள் சிறகின் மேல் ஏற்றப்பட்டன. யாம் அழகின்மை என எண்ணியது தேவையின் வடிவமே. அவ்விமானம் சுமப்பது 6.7 டன். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 134 மூட்டை ஏலக்காய் என்று பாட்டனார்க்குக் கூறினோம். அவர் சிறிது நேரம் விரல்விட்டு எண்ணி, "அப்படியானால் நூறு கழுதைக்கு மேல்" என்றார்.

இதனினும் பெரியன இவ்வினத்தில் உள. நான்கு பொறிகளுடன் 20 டன் சுமக்கும் அன்டோனோவ் 12, 1961 முதல் நம் படையில் ஊழியம் செய்தது. 1962 அக்டோபரிற் சீனப் போர் மூண்டபோது, இலகு டாங்கிகளைச் சண்டிகரிலிருந்து சுமந்துகொண்டு இலடாக்கின் சுசூல் தளத்தில் இறக்கியவை அவ்விமானங்களே. பிற்காலத்து அமெரிக்க ஹெர்க்குலிஸ் விமானம் ஒன்று, 2013 ஆகஸ்டு 20-ஆம் நாள், 16,614 அடி உயரத்திலுள்ள தௌலத் பேக் ஓல்டி என்னும் இமயத் தளத்தில் இறங்கிற்று. ஐரோப்பியர் பலர் கூடிச் செய்த ஏ-400-எம் விமானத்தின் நான்கு பொறிகளும் தனித்தனியே 11,000 குதிரைத்திறன் கொண்டவை. அதன் ஒவ்வொரு சிறகிலும் உள்ள இரு விசிறிகள் ஒன்றற்கொன்று எதிர்த்திசையிற் சுழல்கின்றன.

ஆயினும் இவ்வினத்தின் பேரரசன் 1965-இற் பறந்த அன்டோனோவ் 22 என்பதே. நான்கு பொறிகள், ஒவ்வொன்றும் 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒன்றன்பின் ஒன்றாய் இரு விசிறிகள் எதிரெதிராகச் சுழலும். முன்னது காற்றிற்குக் கொடுத்த வீண் சுழற்சியைப் பின்னது நேராக்கிப் பயன் கொள்ளும். சிறகின் விரிவு 64 மீட்டர். சுமை 80 டன். இதற்கு அவர் இட்ட பெயர் அந்தேய். அந்தேய் என்பவன் கிரேக்கர் கதையில் வரும் ஓர் அரக்கன், மண்மகளின் மைந்தன், நிலத்தைத் தொடுந்தோறும் புதுவலிமை பெறுபவன். அவனை நிலத்தினின்று தூக்கிப் பிடித்தே ஹெர்க்குலிஸ் கொன்றான் என்பது கதை. கதையிற் பகைவராகிய இருவர் பெயரையும் இரு நாட்டார் தம் பொதி விமானங்களுக்கு இட்டது வியப்பே. எனினும் அந்தேய் என்ற பெயரே பொருத்தம் மிக்கதென்று யாம் கருதுகின்றோம். இவ்விமானங்களின் பெருமை வானத்தில் இல்லை. அவை தொடும் நிலத்தில் உள்ளது. சிறகு உச்சியில் அமைந்ததால் வயிறு தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கும்; வால்புறம் திறந்து சரிவாக இறங்கும்; வண்டியே உள்ளே ஏறிச் செல்லலாம். பாரம் ஏற்றுதற்கு ஒட்டகம் மண்டியிடுவது போன்றது அது. தாழ்மையே அதன் அமைப்பு.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபார்த் தீவை அழித்தபோது, அங்கிருந்த விமானத் தளமும் சிதைந்தது. துறைமுகமும் வழியும் இழந்த மக்களிடம், எஞ்சிய ஓடுபாதையில் இறங்கி உணவும் நீரும் கொடுத்து, காயமுற்றோரை ஏற்றி வந்தவற்றுள் அன்டோனோவ் 32 விமானங்களும் இருந்தன. ஒலியை முந்தும் போர் விமானம் அன்று அவர்க்கு யாது செய்திருக்கும்?

இதுகாறும் புகழ்ந்தே எழுதினோம். சுமப்பவன் வீழ்வதும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. 1968 பிப்ரவரி 7-ஆம் நாள், 102 பேருடன் சண்டிகரிலிருந்து லே நோக்கிச் சென்ற அன்டோனோவ் 12 விமானம் ஒன்று ரோதாங் கணவாய்ப் பக்கத்திற் பனிமலையில் மறைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2003-இலேதான் அதன் சிதைவுகள் மலையேறுவோர் கண்ணிற் பட்டன. 2024-இலும் நால்வர் உடல்களைப் பனி திருப்பிக் கொடுத்தது. 1970-இற் பெரு நாட்டு நிலநடுக்கத்தால் நலிந்தோர்க்கு உதவிப்பொருள் கொண்டு சென்ற அன்டோனோவ் 22 ஒன்று அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது.

மூன்றாவது, எம் இல்லத்தைத் தொட்டுச் சென்ற நிகழ்ச்சி. 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. யாம் அப்போது ஐந்தாம் வகுப்புச் சிறுவர். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கி 29 பேருடன் சென்ற அன்டோனோவ் 32 விமானத்தைக் காணவில்லை என்று தொலைக்காட்சியிற் செய்தி வந்தது. தமையனார் அக்காலை வடநாட்டுத் தளம் ஒன்றில் இருந்தார். அவ்வாரத்தில் தாம்பரம் செல்ல நேரிடலாம் என்று முன்னர் ஒருமுறை கூறியிருந்தார். அவ்வொரு சொல் போதாதோ? அன்னையார் அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. மறுமுனையில் மணி ஒலித்ததேயன்றி எவரும் எடுத்திலர். மாலையில் அண்டை வீட்டார் வந்து கூடினர். போதகர் ஐயா வந்து முழந்தாளிட்டுச் செபித்தார். இரவு ஒன்பது மணிக்குத் தமையனாரே அழைத்தார். பணியிடத்திற் கைப்பேசிக்கு இடமில்லை என்றும், தாம் தம் தளத்திலேயே இருப்பதாகவும் கூறினார். அன்னையார் அழுதார், யாமும் அழுதோம். பின்னர் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூறியது இன்றும் எம் செவியில் உள்ளது: "நமக்குப் போன் வந்துவிட்டது. இருபத்தொன்பது வீட்டுக்கு வரவில்லையே." அன்றிரவு எம் வீட்டிற் செய்யப்பட்ட செபம் நன்றி கூறும் செபம் அன்று, அவ்விருபத்தொன்பது வீட்டாரையும் நினைந்து மன்றாடியது.

பல வாரம் கடலைத் துழாவியும் அவ்விமானம் அகப்படவில்லை. 2024 ஜனவரியிலேதான், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரைக்கு 310 கிலோமீட்டர் அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டது. அச்செய்தி வந்த அன்று அன்னையார் தமையனாரை அழைத்து, ஊழியக் காலம் முடிந்தவுடன் வீடு திரும்பிவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அவர் மறுக்கவுமில்லை, உடன்படவுமில்லை. பின்னர் விடுமுறையில் வந்தபோது எம்மிடம் தனியே கூறினார்: "தம்பி, ஒவ்வொரு முறையும் விமானம் எழுமுன் யான் பார்த்த பகுதிக்குப் பதிவேட்டில் யான் கையொப்பம் இட வேண்டும். முன்னெல்லாம் அது ஒரு பெயர் எழுதுவது, அவ்வளவே. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, எழுதுமுன் அம்மாவின் கையிலிருந்த அந்தத் தொலைபேசியை நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பவன் ஒருவன் அங்கே இருக்கத்தானே வேண்டும்?"

இதற்கு யாம் விடை கூறவில்லை. கூறத்தக்க விடை எம்மிடம் இருந்ததுமில்லை. அன்னையாரின் அச்சமும் நேர்மையானது. தமையனாரின் சொல்லும் நேர்மையானது. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் எமக்குத் தெளிவாயிற்று. இவ்விமானம் சுமக்கும் பாரம் அதன் வயிற்றில் ஏற்றிய 6.7 டன் மட்டும் அன்று. கையொப்பமிடுவோன் நெஞ்சிலும், தொலைபேசியைப் பிடித்திருக்கும் தாயின் கையிலும் அதன் எடை பகிர்ந்து சுமக்கப்படுகின்றது.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையிற் பாட்டனாருடன் மலையடிவாரம் வரை நடந்து சென்றோம். பழைய கழுதைப் பாதை தொடங்கும் இடத்திற் சுமைதாங்கிக் கல் ஒன்று நிற்கின்றது. தலைச்சுமையுடன் வருவோர் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாறுதற்கு முன்னோர் நிறுவியது. பாட்டனார் அதன்மேற் கையூன்றி நின்று மலையை நோக்கினார். எம் நண்பர்களின் நகைப்பை அவர்க்குக் கூறினோம். அவர், "கழுதையைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்கள். நம் ஆண்டவர் எருசலேமுக்குள் எதன்மேல் ஏறிப் போனார் என்று கேள்" என்றார்.

அதுவே யாம் எம் நண்பர்க்குக் கூறும் விடை. விரைந்து செல்வன பல. விண்ணைக் கிழிப்பன பல. வழியில்லாத இடத்திற் பசித்திருப்பவனிடம் பொதியோடு சென்று, தாழ்ந்து, மண்ணைத் தொட்டு நிற்பது எதுவோ, அதனையே யாம் அழகென்போம். அவற்றைச் செலுத்துவோரையும், அவற்றில் ஏறுவோரையும், இரவில் விளக்கேந்தி அவற்றின் ஒவ்வோர் ஆணியையும் தொட்டுப் பார்ப்போரையும் எல்லாம் வல்ல இறைவன் காத்தருள்வாராக.